2045 என்ற கட்டம் வெறுமையாக இருக்கட்டும்

வன்னியின் வலயக் கல்விப் பணிப்பாளர்களுக்கும், பாடசாலை அதிபர்களுக்கும், தொழில் வழிகாட்டல் பொறுப்பாசிரியர்களுக்கும்,

வணக்கம்.

நான் இரணைமடுச் சந்திக்குக் கிட்ட, எரிந்த மோட்டர்களுக்குத் திரும்பக் கம்பி சுற்றிக் கொடுக்கிற வைண்டிங் கடை வைத்திருப்பவன். போன கிழமை என் பெறாமகள் பள்ளிக்கூடத்தால் வந்த கையோடு ஒரு தாளைக் கடை மேசையில் வைத்தாள். அவளுடைய அப்பா, என் அண்ணா, கட்டாரில் வேலை செய்கிறார். அதனால் தேர்ச்சி அறிக்கை முதல் சுற்றுலாக் கடிதம் வரை பாதுகாவலர் என்ற இடத்தில் கையெழுத்து வைப்பது நான்தான்.

"சித்தப்பா, இதில சைன் வைக்கோணும். வெள்ளிக்கிழமை பெற்றார் கூட்டத்தில குடுக்கட்டாம்."

தாளின் தலைப்பு 'எனது இருபது வருடத் திட்டம்'. கீழே நான்கு கட்டங்கள்: 2030, 2035, 2040, 2045. அவள் இப்போது தரம் ஒன்பது. நான்கு கட்டத்தையும் ஒரே பேனையால், ஒரே மூச்சில் நிரப்பியிருந்தாள். 2030 இல் உயர்தரம், உயிரியல் பிரிவு. 2035 இல் மருத்துவ பீட மாணவி. 2040 இல் வைத்தியர். 2045 இல் விசேட வைத்திய நிபுணர்.

"உனக்கு உயிரியல் விருப்பமோ பிள்ளை?" என்று கேட்டேன்.

"தெரியாது சித்தப்பா. கட்டம் வெறுமையா இருந்தால் திருப்பி எழுதச் சொல்லுவினம். வகுப்பில எல்லாரும் டொக்டர், இல்லாட்டி இஞ்சினியர்தான் எழுதினவை."

அந்தத் தாளைக் கொடுத்த ஆசிரியரில் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. யாழ்ப்பாணத்தில் இருந்து விடிய ஐந்து மணிக்கு பஸ் ஏறி வந்து, தன் பாடத்தையும் படிப்பித்து, வழிகாட்டலையும் மேலதிகமாகத் தலையில் சுமக்கிற ஆசிரியர்கள் எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். எங்கள் பிள்ளைகள் பெரிதாக நினைக்க வேண்டும் என்ற ஆசையில்தான் அந்தத் தாள் வந்திருக்கிறது. இருந்தாலும் அதைப் பார்த்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. ஏனென்றால் அதே மாதிரி ஒரு தாளை நானும் நிரப்பியிருக்கிறேன்.

2005 ஆம் ஆண்டு. சமாதான காலம். கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கிற ஏ9 வீதி திறந்திருந்தது. கிளிநொச்சியில் புதுக் கட்டடங்கள் எழும்பின, வெள்ளை வாகனங்கள் ஓடின. நான் தரம் பத்து. கருத்தரங்கு ஒன்றில் எங்களிடம் எதிர்காலத்தை எழுதச் சொன்னார்கள். '2009 இல் உயர்தரம், மூன்று ஏ. 2014 இல் மொரட்டுவப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம். 2015 இல் கிளிநொச்சிக்குத் திரும்பி வந்து குளங்களைத் திருத்துவேன்' என்று எழுதினேன். குளத்தை எழுதியது அப்பாவுக்காக. அவர் இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்தவர்.

அடுத்த வருடம் ஓகஸ்டில் ஏ9 மூடப்பட்டது. சாதாரண தரம் எழுதி, கணிதப் பிரிவில் சேர்ந்து, பாதிப் படிப்பில் போரால் ஊர் இடம்பெயரத் தொடங்கியது. தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, மாத்தளன். அதற்கு அங்கால நடந்ததை இங்கே எழுதத் தேவையில்லை. இந்த மடலைப் படிக்கிற பெற்றாரில் பாதிப் பேர் அந்த வழியால் நடந்தவர்கள்தான். 2009 ஓகஸ்டில் செட்டிகுளம் மெனிக் பாமில், முகாமுக்குள் வைத்தே உயர்தரம் எழுதினேன். மூன்று பாடமும் எஸ், வெறும் சாதாரணச் சித்தி. 'உயர்தரம் 2009' என்ற ஒரு வரி மட்டும் எழுதியபடி நடந்தது.

2010 இல் ஊருக்கு விட்டார்கள். வீட்டுக்குக் கூரை இல்லை, வயலில் மிதிவெடி எடுத்து முடியவில்லை. அண்ணாவும் நானும் உழைக்காவிட்டால் அடுப்பு எரியாது. வவுனியாவில் ஒரு அண்ணையின் வைண்டிங் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தேன். முதல் மாதம் முழுக்க ஒரே வேலை: எரிந்த மோட்டரின் பழைய கொயிலை ஒரு பக்கம் உளியால் வெட்டி, மற்றப் பக்கத்தால் இழுத்து எடுத்து, ஒரு கொயிலில் எத்தனை சுற்று என்று எண்ணிக் கொப்பியில் எழுதுவது. கருகிய வார்னிஷ் மணம் சோற்றிலும் மணக்கும். அந்த நாட்களில் அந்தத் தாளை நினைத்தால் வெட்கமாக இருக்கும். யாரையோ ஏமாற்றிவிட்டேன் என்ற உணர்வு. நான் எவரையும் ஏமாற்றவில்லை என்று எனக்குச் சொல்லித்தர ஒருவரும் இருக்கவில்லை. தாளை நிரப்பச் சொன்னவர்கள், அது பிழைத்தால் என்ன செய்வது என்று சொல்லித்தரவில்லையே. இந்த மடலின் காரணமே அந்த வெட்கம்தான்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தத் திட்டத்துக்காகப் படித்த படிப்பு வீண்போகவில்லை. ஒருநாள் ஒரு தண்ணீர் மோட்டர் வந்தது. முன்னர் யாரோ பிழையாகச் சுற்றியது. எண்ணி எழுதினால் அதே பிழைதான் திரும்ப வரும். கடையில் இருந்தவர்கள் கையை விரித்தார்கள். உயர்தரப் பௌதிகவியலில் படித்த மின்காந்தவியல் நினைவில் இருந்தது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இரண்டு காந்த முனைவு உள்ள மோட்டர் நிமிடத்துக்கு 3000 சுற்றுக்குச் சற்றுக் குறைவாகவும், நான்கு முனைவு மோட்டர் 1500 க்குச் சற்றுக் குறைவாகவும் ஓடும். அதில் தொடங்கி, இரும்பின் அளவு, கம்பி இறங்குகிற காடிகளின் எண்ணிக்கை, வோல்டேஜ் என்று பின்னால் கணக்குப் போட்டுச் சுற்றுகளைக் கண்டுபிடித்தேன். மோட்டர் சூடாகாமல் ஓடியது. அன்றைக்கு அந்த அண்ணை எனக்கு ஒரு ஸ்டூல் போட்டுத் தந்தார். அதுவரை நிலத்தில் இருந்துதான் வேலை செய்தேன்.

இப்போது என் கடைக்கு மேசை விசிறிகளைக் கொண்டுவருகிற பிள்ளைகளில் ஒரு பகுதியினர் பொறியியல் மாணவர்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில், கடையில் இருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லலாம், அவ்வளவு கிட்ட இருக்கிறது. 2005 இல் நான் மொரட்டுவ என்று எழுதியபோது அந்தப் பீடம் யாருடைய தாளிலும் இருக்கவில்லை. அதே வளாகப் பக்கத்தில் 2016 இல் திறந்த இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் இருக்கவில்லை. வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகும் என்றும் யாரும் எழுதவில்லை. கெட்டது மட்டும்தான் சொல்லாமல் வரும் என்றில்லை, நல்லதும் அப்படித்தான் வந்தது.

அப்படியென்றால் திட்டமே வேண்டாம் என்று சொல்ல வருகிறேனா? இல்லை. மெனிக் பாமில் எங்கள் கூடாரத்துக்கு இரண்டு வரிசை தள்ளி ஒரு பிள்ளை இருந்தா. என் வயது, உயிரியல் பிரிவு. முதல் தடவை அவவுக்கும் பெறுபேறு சரிவரவில்லை. ஆனால் பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவை எழுதலாம் என்பதும், அனுமதியில் மாவட்டக் கோட்டா எப்படி வேலை செய்கிறது என்பதும் அவவின் தாய்க்கு விரல் நுனியில் இருந்தது. தாய் மிஞ்சியிருந்த ஒரு சங்கிலியை விற்று, மகளை வவுனியாவில் சொந்தக்காரர் வீட்டில் விட்டுப் படிப்பித்தா. 2010 இல் திரும்ப எழுதி மருத்துவ பீடம் போனா. இன்றைக்கு அவ வன்னியில்தான் வேலை செய்கிறா. போன வருடம் அம்மாவைக் காட்டப் போனபோது என்னை அடையாளம் கண்டு, "முகாமில உங்கட பௌதிகவியல் கொப்பி என்னட்டத்தானே இருந்தது" என்று சிரித்தா. நானோ முதல் தடவையோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தவன். உழைக்க வேண்டியிருந்தது உண்மை. ஆனால் இன்னும் இரண்டு தடவை இருக்கிறது என்று அந்தத் தாய் மாதிரி என் வீட்டில் யாருக்காவது உறைத்திருந்தால், இரவில் படித்து இன்னொரு தடவையாவது எழுதியிருப்பேன். எனக்குத் திட்டம் இருந்தது, அவவுக்கு விபரம் இருந்தது.

நீண்ட காலத் திட்டத்தின் பெறுமதி அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். சில கதவுகள் நேரத்துக்குப் பூட்டப்படும். உயர்தரத்தில் எந்தப் பிரிவு என்பதைச் சாதாரண தரம் முடிந்த கையோடு சொல்ல வேண்டும். கலைப் பிரிவில் போன பிள்ளை பிறகு மனம் மாறிப் பொறியியல் என்றால் திரும்ப முதலில் இருந்து தொடங்க வேண்டும். மருத்துவம் என்றால் ஐந்து வருடப் படிப்பு, அதன்மேல் ஒரு வருட உள்ளகப் பயிற்சி. அவ்வளவு காலமும் வீடு தாங்குமா என்று முன்கூட்டியே பேச வேண்டும். கல்வியியற் கல்லூரிக்கும் அரச வேலைக்கும் வயதெல்லை உண்டு. பெரும்பாலான பாடநெறிகளுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நான்கும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. இந்த விபரம் எங்கள் பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய உதவி! என் பெறாமகளின் தாளில் இதில் ஒன்றுக்கும் இடமில்லை. பட்டத்துக்கு இடம் இருக்கிறது, அங்கே போகிற வழியில் எந்தக் கதவு எந்தத் திகதியில் பூட்டும் என்பதற்கு இடமில்லை.

திட்டத்தின் எல்லை எங்கே என்பதையும் சொல்கிறேன். பரீட்சைத் திகதியே எங்கள் கையில் இல்லை. என் காலத்தில் உயர்தரம் என்றால் ஓகஸ்ட். 2020 இல் கொரோனாவால் ஒக்ரோபருக்குப் போனது. 2021 ஆம் ஆண்டுப் பரீட்சை 2022 பெப்ரவரியில் நடந்தது. 2022 க்குரியது 2023 ஜனவரியில். 2025 நவம்பரில் தொடங்கியது டித்வா புயலால் இடைநடுவில் நின்று, மிச்சப் பாடங்கள் 2026 ஜனவரியில் நடந்தன. கமத்தை எடுத்தால், 2021 இல் ஒரே ஒரு வர்த்தமானியோடு இரசாயன உரம் நின்றது. ஏழு மாதத்துக்குள் திரும்ப விட்டார்கள், அதற்குள் விதைத்தவன் பாடு விதைத்தவனுக்குத்தான் தெரியும். பட்டம் முடித்தால் அரச வேலை என்று எழுதியவர்கள் 2017 இல் வடக்கிலும் கிழக்கிலும் வீதியோரம் பந்தல் போட்டு மாதக்கணக்கில் இருந்தார்கள். இரண்டு வருடம் என்று போன என் அண்ணா எட்டாவது வருடமாகக் கட்டாரில் இருக்கிறார். இந்த ஆக்களில் யாரும் சோம்பேறி இல்லை. யாருடைய திட்டத்திலும் பிழை பிடிக்கவும் முடியாது.

இந்த மண்ணில் திட்டம் போடுவது எப்படி என்று எங்களுக்குப் புதிதாக யாரும் சொல்லித்தரத் தேவையில்லை, ஐயா. வருடா வருடம் எங்கள் கண்ணுக்கு முன்னால் நடக்கிறது. கோடை நெற்செய்கையான சிறுபோகத்துக்கு முன்னர் நடக்கிற கூட்டத்துக்குச் சின்ன வயதில் அப்பாவோடு சைக்கிளில் போயிருக்கிறேன். அரசாங்க அதிபர், நீர்ப்பாசனப் பொறியியலாளர், கமக்காரர் அமைப்புகள், வயல் தண்ணீர்ப் பங்கைப் பார்க்கிற வட்டவிதானைமார் எல்லாரும் இருப்பார்கள். முதல் கேள்வி, குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்குது? அதை வைத்துத்தான் இத்தனை ஏக்கர், யாருக்கு எவ்வளவு பங்கு, இன்ன திகதிக்குள் விதைத்து முடிக்க வேண்டும், இத்தனை மாத நெல்லுக்குமேல் போடக்கூடாது, இன்ன திகதியோடு வாய்க்கால் தண்ணீர் பூட்டப்படும் என்று முடிவாகும். சத்தம் வரும், சண்டை வரும், கடைசியில் ஒரு கணக்குக்கு வருவார்கள். போன வருடம் எவ்வளவு விதைத்தாய் என்பது அங்கே எடுபடாது. தண்ணீர் குறைந்த வருடம் கால் ஏக்கர் பங்கு கிடைத்தவனை யாரும் தோற்றவன் என்று பார்ப்பதில்லை.

அதே ஆக்கள்தான் குளக்கட்டில் மரம் முளைக்க விடமாட்டார்கள். தண்ணீர் திறந்துவிடுகிற துருசைப் பார்ப்பார்கள், வாய்க்காலைத் துப்புரவாக்குவார்கள். அது எந்தப் போகத்துக்கு என்று பார்த்துச் செய்கிற வேலையில்லை, அதை வருடம் தவறாமல் செய்யத்தான் வேண்டும். 2018 டிசம்பரில் ஒரே இரவில் குளம் நிரம்பி, வான்கதவுகளைத் திறந்து, அப்பாவின் காலபோகம், மாரி நெல், முழுக்கத் தண்ணீருக்குள் போனது. அடுத்த சிறுபோகக் கூட்டத்துக்கும் அவர் போனார். "தண்ணி எத்தினை அடி எண்டு கேட்டுக்கொண்டு வாறன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

பிள்ளையின் வாழ்க்கையிலும் குளக்கட்டு மாதிரிச் சில விடயங்கள் இருக்கின்றன. கணிதம், பௌதிகவியல் மாதிரி ஒரு அடிப்படை. சிங்களமும் ஆங்கிலமும்: செப்புக் கம்பிக்கு நான் கொழும்பு பஞ்சிகாவத்தைக்கு அரைகுறைச் சிங்களத்தில் தொலைபேசி எடுத்தால் ஒரு விலை, சிங்களம் நல்லாகத் தெரிந்த பெடியன் எடுத்தால் இன்னொரு விலை. கணக்கு எழுதுகிற பழக்கம். செய்த வேலைக்குச் சான்றிதழ் எடுத்து வைப்பது. இவற்றுக்கு இருபது வருடத் திட்டம் போடுங்கள், நான் இரண்டு கையாலும் ஒப்பமிடுவேன். எந்தப் பதவி, எந்த ஊர், எந்த வருடம் என்பதை மட்டும் வருடத்துக்கு வருடம் தண்ணீரைப் பார்த்துப் பேசுவோம்.

அதனால் உங்களிடம் கேட்பது பெரிய விடயம் இல்லை. தரம் ஒன்பதில் வருகிற தாளில் இருபது வருடத்துக்குப் பதிலாக அடுத்த இரண்டு வருடம் இருக்கட்டும். அடுத்து எந்தக் கதவு, அது எப்போது பூட்டும், அதற்குமுன் என்ன செய்ய வேண்டும், அது சரிவராவிட்டால் பக்கத்துக் கதவு எது. அதையே ஒரு கொப்பியாக வைத்து, ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் பிள்ளையும் ஆசிரியரும் பெற்றாரும் பதினைந்து நிமிடம் இருந்து திரும்பப் பார்க்கட்டும். ஆசிரியருக்கு நேரமில்லை என்றால் பிரதேச செயலகங்களில் மனிதவலு வேலைவாய்ப்புத் திணைக்கள உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கூப்பிடுங்கள். போன வருடம் எழுதியதை வெட்டி மாற்றுகிற பிள்ளையை வகுப்பில் எழுப்பி நிற்க வைக்காதீர்கள். அது மிக முக்கியம்.

வழிகாட்டல் நாட்களுக்கு வைத்தியரையும் பொறியியலாளரையும் கூப்பிடுகிறீர்கள், நல்லது. கூடவே, நினைத்தது நடக்காமல் வேறு வழியால் வந்தவர்களையும் ஒருநாள் கூப்பிடுங்கள். தேசிய தொழிற் தகைமை, என்.வி.கியூ, என்றால் படிப்பு ஓடாத பிள்ளைக்குத்தான் என்று பெற்றார் பேசுவதை நான் கடையில் இருந்து கேட்கிறேன். எனக்கு 2019 இல் என்.வி.கியூ நான்காம் மட்டம் கிடைத்தது. வகுப்புக்குப் போகவில்லை. செய்து பழகிய வேலையை மதிப்பிட்டுத் தருகிற முறை ஒன்று இருக்கிறது. மதிப்பீட்டாளர் ஒரு எரிந்த மோட்டரை முன்னால் வைத்து, நான் செய்வதைப் பார்த்துப் பார்த்துக் கேள்வி கேட்டார். அதில் இருந்து ஐந்து, ஆறு என்று ஏறி, ஏழாம் மட்டத்தில் பட்டத்துக்குச் சமமாக வரலாம். எங்கள் கிராமங்களில் இருபது வருடம் மேசன் வேலை செய்தவர்கள், தச்சு வேலை செய்தவர்கள் எத்தனை பேர் இது தெரியாமல் கையில் ஒரு தாளும் இல்லாமல் இருக்கிறார்கள்! அவர்களுடைய பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். பிள்ளைக்குச் சொன்னால் தகப்பனுக்குப் போய்ச் சேரும்.

பெறாமகள் சனி ஞாயிறு கடைக்கு வருவாள். நான் கொயில் சுற்ற, அவள் எண்ணுவாள். பத்துச் சுற்றுக்கு ஒரு கோடு. போன ஞாயிறு இடையில் நிறுத்தி, "சித்தப்பா, ஏன் ரன்னிங் கொயிலுக்குத் தடிச்ச கம்பியும் ஸ்டார்டிங் கொயிலுக்கு மெல்லிசும்?" என்று கேட்டாள். தொடங்கும்போது மட்டும் வேலை செய்கிற சுற்று, எந்நேரமும் கரண்ட் ஓடுகிற சுற்று என்று சொல்லிக்கொடுத்தேன். எண்ணிக்கை பிழைத்துவிட்டது, திரும்ப முதலில் இருந்து எண்ணினோம். அவள் டொக்டராக வந்தால் எனக்குக் கோயில் கட்டின சந்தோசம். வேறு ஏதாவது வந்தாலும் அதே சந்தோசம்தான். இப்போதைக்கு அவளுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. அப்படித் தெரியாது என்று எழுதுவதற்கு ஒரு கோடாவது அந்தத் தாளில் இருந்திருக்கலாம்.

தாள் என்னிடம்தான் இருக்கிறது, சுற்று எண்ணிக்கைக் கொப்பிக்குள் வைத்திருக்கிறேன். நேற்று இரவு அவளும் நானும் இருந்து அதை வேறு ஒரு வெள்ளைத் தாளில் திருத்தி எழுதினோம். 2028 இல் சாதாரண தரம், விரும்பித் தெரிவு செய்கிற தொகுதிப் பாடத்தில் தகவல் தொழில்நுட்பம், இந்த வருடக் கடைசிக்குள் சிங்களத்தில் எழுத்துக் கூட்டி வாசிப்பது, மார்கழி விடுமுறையில் அறிவியல் நகரையும் வைத்தியசாலையையும் ஒருக்காப் போய்ப் பார்ப்பது. 2045 கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை. இரண்டு தாளையும் வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு நானே கொண்டுவருகிறேன். கையெழுத்து வைத்தாகிவிட்டது, இரண்டாவது தாளில்.

இங்ஙனம்,
ஒரு பாதுகாவலர்
இரணைமடுச் சந்தி, கிளிநொச்சி